வராத எச்சரிக்கைக்கு எட்டு மாதக் கட்டணம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிக்கை

அனுப்புநர்: லாரி போக்குவரத்து அலுவலகம், பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்
பெறுநர்: மேலாளர், கணினிச் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் எங்கள் அலுவலகத்தில் ஐந்து கணினிகள் உள்ளன. எல்லாமே உங்களிடம் வாங்கியவை. அவற்றைக் கண்காணிக்க நீங்கள் போட்ட மென்பொருளுக்கு மாதம் 175 வெள்ளி (ரிங்கிட்) வீதம் எட்டு மாதம் கட்டிவிட்டோம்.

போன திங்கட்கிழமை காலை எடைச் சீட்டுக் கணக்கு இருக்கும் டி டிரைவ் திறக்கவில்லை. உங்கள் ஆளுக்குப் போன் செய்தோம். "எங்கள் திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது, சார்" என்றார். அன்று மாலை என் அண்ணன் மகள் வந்து, கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்ட விண்டோஸோடு வரும் இவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவைக் காட்டினாள். வரிசையாகச் சிவப்பு வட்டங்கள். 'டிஸ்க்', எண் 7, ஹார்ட்டிஸ்க் 1-இல் பழுதான பகுதி என்று ஒரே செய்தி திரும்பத் திரும்ப. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் அது இரண்டாவது டிஸ்க், அதாவது எங்கள் கணக்கு இருந்த டிஸ்க். முதல் பதிவு மூன்று வாரத்துக்கு முந்தையது. கணினி மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. உங்கள் மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் ஓட்டுநர்களுக்கு டன் கணக்கில்தான் சம்பளம். சீட்டு தொலைந்தால் அவர்கள் உழைப்பு தொலைந்த மாதிரி. நானும் கிராணியும் (அலுவலக எழுத்தர்) இரண்டு இரவு உட்கார்ந்து, மங்கிப்போன கார்பன் நகல்களை விளக்கடியில் பிடித்துப் படித்து மறுபடி பதிந்தோம். ஏழு சீட்டுகளில் எடை இன்னும் தெரியவில்லை.

நாங்கள் உங்களிடம் கேட்டது மூன்றே விஷயம்: பென்டிரைவ் செருகத் தடை, டிஸ்க் பழுதானால் தெரிய வேண்டும், கணினி மெதுவானால் எது காரணம் என்று தெரிய வேண்டும். முதலாவதற்கு, கணினியில் எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டர் இருக்கிறது. இரண்டாவதற்கு இவென்ட் வியூவர். அந்தப் பிழை பதிவானதும் ஒரு வேலை தானாக ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் அமைக்கவும் முடியும். மூன்றாவதற்கு ரிசோர்ஸ் மானிட்டர். இவை எல்லாம் நீங்கள் விற்ற விண்டோஸ் 11 ப்ரோவிலேயே இருக்கின்றன. குரூப் பாலிசி எடிட்டர் ஹோம் பதிப்பில் வராது. அதனால் அலுவலகத்துக்கு ப்ரோதான் வேண்டும் என்று கூடுதல் பணம் வாங்கியவர்களும் நீங்கள்தான். அப்புறம் அதில் இருக்கும் வேலைக்கே மாதக் கட்டணமா?

நூறு கணினி இருக்கும் இடத்தில் தனி மென்பொருள் தேவைப்படலாம், ஒப்புக்கொள்கிறேன். ஐந்துக்கு, தினமும் காலையில் கொஞ்ச நேரம் பதிவைப் பார்க்க ஓர் ஆள் போதும். அந்த வேலையைக் கிராணி ஏற்றுக்கொண்டுவிட்டார்.

ஆகவே, 14 நாளுக்குள் கட்டணம் 1,400 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். உங்கள் மென்பொருளை ஐந்து கணினியிலிருந்தும் நீக்கிவிட்டு, நீங்களே வைத்திருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லை எங்களிடம் ஒப்படையுங்கள். அது இல்லாமல் எங்கள் சொந்தக் கணினியில் பென்டிரைவ் தடையைக்கூட எங்களால் போட முடியவில்லை. பதிலைத் தொலைபேசியில் வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அலுவலகப் பொறுப்பாளர்