எனக்காகத் தொட்டில் கட்ட வேண்டாம்

கால்வே, அயர்லாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே ரெண்டு பேரும் நல்ல சுகம். மழைதான் விட்டபாடில்லை. கடல் காத்துக்குக் குடை நிக்காது, எல்லாருக்கும் மழைக்கோட்டுதான்.

கோயில் மரத்துல எனக்காகத் தொட்டில் கட்டினதா போன்ல சொன்னே. பக்கத்துல பெரியம்மா இருந்ததால அப்ப ஒண்ணும் பேச முடியல, அதான் எழுதறேன்.

நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துல எண்பது தாண்டின பாட்டி ஒருத்தங்க. ஒன்பது பெத்தவங்க. தூக்கம் வராத ராத்திரியில பிள்ளைங்க பேரைச் சொல்லி ஒவ்வொரு விரலா மடக்குவாங்க. இங்கே 1935-லிருந்து கருத்தடைச் சாதனம் விக்கவே தடை. 1979-லதான் சட்டம் தளர்ந்துச்சு, அதுவும் டாக்டர் சீட்டு இருந்தாத்தான். "எல்லாம் என் உசிருதான். ஆனா வேணுமான்னு என்னை யாரும் கேட்டதில்லை"ன்னாங்க. நம்ம ஆச்சியை மட்டும் யாரு கேட்டா?

சவிதா ஹலப்பனவர் செத்ததும் இதே ஊர்லதான். பெல்காம் பொண்ணு, பல் டாக்டர், 31 வயசு. 2012 அக்டோபர்ல, 17 வாரக் கரு கலைய ஆரம்பிச்சு, இனி பிழைக்காதுன்னு தெரிஞ்ச பிறகும், இதயத் துடிப்பு இருக்குன்னு கலைக்க மறுத்துட்டாங்க. ரத்தத்துல நச்சேறி உயிர் போச்சு. அவங்க கேட்டதைக் கொடுத்திருக்கணும்மா. 2018 மே மாச வாக்கெடுப்புல நூத்துக்கு 66 பேர் கருக்கலைப்புத் தடையை எடுக்கச் சொன்னாங்க. அதுக்குன்னே வெளிநாட்டுலேருந்து எத்தனையோ பொண்ணுங்க விமானம் ஏறி வந்து ஓட்டுப் போட்டாங்க.

அதுக்காக இங்கே எல்லாம் திருந்திடுச்சுன்னு இல்லை. தாய்மாரோட வீட்டுக் கடமைன்னு அரசியல் சட்டத்துல இருக்கிற வரியை மாத்தலாமான்னு 2024 மார்ச்சில் கேட்டப்ப, ஜனங்க வேண்டாம்னுட்டாங்க. நம்ம நாட்டுல கருக்கலைப்புச் சட்டம் 1971-லேயே வந்தாச்சு. ஆனா பிள்ளை இல்லைன்னு மதினியை வளைகாப்புல வளையல் போட விடலையே! சந்தனக் கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டு, கூப்பிடுவாங்கன்னு சுவரோரமா நின்னாங்க. நீயும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தே. எனக்கு அது இன்னும் ஆறலை.

அம்மா, எங்களுக்குப் பிள்ளை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். எனக்கும் குறையில்லை, அவருக்கும் குறையில்லை. சுமக்கப் போறது என் உடம்பு, எனக்கு அந்த ஆசை வரல. நாளைக்கே மனசு மாறினாலும் அதை நான்தான் முடிவு பண்ணுவேன். "விசேஷம் உண்டா"ன்னு பெரியம்மா கேட்டா, "அவ வேண்டாம்னுட்டா"ன்னு நேரா சொல்லு. "கடவுள் கண் திறக்கலை"ன்னு மட்டும் சொல்லாதே.

கோபம் வந்தா போன் பண்ணித் திட்டு, பேசாம மட்டும் இருந்துடாதே. அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்.

உன் மகள்