கல்லு மேடம் வீட்டுப் பெட்டிகளைத் தூக்கிவிட்ட எல்லோருக்கும்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

மேடத்தின் கருமாதி முடிந்த கையோடு இந்த மடலை எழுதியிருக்க வேண்டும். வேலை குவிந்து கிடந்ததால் முடியவில்லை. நேற்று சாயங்காலம்தான் கடைசிப் பெட்டிக்கு மூடி போட்டோம். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், ஆந்திரப் பக்கத்துப் புத்தூரில் ஆரம்பித்து நகரி, திருத்தணி, அரக்கோணம் வழியாகச் சென்னை வரைக்கும் ரயில் பாதை நெடுக ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் நன்றி மேடத்தின் அண்ணன் மகளுக்கு. பின்கட்டில் 31 பெட்டி நிறையக் கல். சொந்தக்காரர் ஒருவர், "புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்கு, அதுல கொட்டிடலாமே" என்றாராம். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அந்தம்மா பின்கட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்குப் போன் செய்தார்.

சென்னையில் அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் பிறந்த ஊருக்கே வந்தவர் மேடம். இங்கே தமிழ் பேசுகிற வீட்டில் அவர் கல்லு மேடம், தெலுங்கு பேசுகிற வீட்டில் ராள்ள மேடம். நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது அதற்கு வெகுகாலம் முன்னால், கல்லூரி விடுமுறையில், அருங்காட்சியகத்தில் எடுபிடியாக.

சேர்ந்த முதல் மாதமே பெரிய தப்பு செய்தேன். கல்லின் ஓரத்தில் வெள்ளை எனாமல் ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் அதன்மேல் மையால் எண் எழுதி, வார்னிஷ் தடவுவார்கள். அந்த எண்ணைப் பிடித்துத்தான் பதிவேட்டுக்குள் போக முடியும். அரியலூர்ப் பக்கத்து அம்மோனைட்டுகள் ஒரு தட்டு நிறைய அழுக்கேறி இருந்தன. அவை நத்தை மாதிரிச் சுருண்ட கடல் உயிர்கள், கல்லாகிப் போனவை. நான் சோப்பு போட்டு, பிரஷ் போட்டு, பளிச்சென்று தேய்த்து வைத்தேன். பழைய வார்னிஷ் எண்ணோடு சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. மேடம் சத்தம் போடவில்லை. ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் குளிப்பாட்டியிருக்க. இப்ப இது எந்த ஊர்க் கல்லு, சொல்லு" என்றார். பதிவேட்டை என் முன்னால் வைத்தார். குறுக்களவு, உடைந்த மூலை, மேலே ஓடும் வரிகள் என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தி, பதினேழு கல்லுக்கும் பழைய எண்ணைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. எங்கே எடுத்தது என்று தெரியாத கல் அவருக்கு வெறும் ஜல்லி.

அந்த மூன்று வாரம்தான் இப்போது சோறு போட்டது. ஒரு பெட்டியைத் திறந்ததும் தீக்குச்சி கிழித்த மாதிரி நெடி. பைரைட்! தங்கம் மாதிரி மின்னும், ஆனால் ஈரக்காற்று பட்டுப் பட்டு உள்ளுக்குள்ளேயே புளித்துக் கந்தக அமிலம் கக்கும். கல் பாதி பொடியாகி, கூட வைத்த சீட்டையும் தின்றிருந்தது. சீட்டு வறுத்த அப்பளம் மாதிரி கையில் நொறுங்கியது. ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டுத் தனி டப்பாவில் வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். கடைசி இரண்டு வருடம் கண் சரியாகத் தெரியாததால் விட்டுப்போயிருக்கிறது. நான் அடிக்கடி போய்ப் பார்த்திருக்கலாம்.

அங்கேதான் அருங்காட்சியக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் வந்து நின்றார். மேடத்தின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர், அதில் ஒருவர் மேடம். ஐயா, மூன்று ஞாயிற்றுக்கிழமையும் விடியற்காலை ரயில் பிடித்து வந்தீர்கள். டிக்கெட் காசைக்கூட வாங்கவில்லை. களக்குறிப்பு நோட்டை நீங்கள் சத்தமாகப் படிக்க, நாங்கள் கல்லைத் தேடினோம்.

அந்த மூன்று ஞாயிறும் தறியை நிறுத்திக் கொட்டகையைக் கொடுத்த அண்ணனுக்கும், ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கிப் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்த லோடு ஆட்டோ தம்பிக்கும் நன்றி. முன்பு கைலாசகோனா அருவியில் மேடம் வழுக்கி விழுந்தபோது தூக்கி வந்து புத்தூர்க் கட்டுப் போட வைத்த பையன்கள் இப்போதும் வந்தார்கள். மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையுமாக அந்தக் கையோடு மேடம் எங்களுக்குப் பாடம் நடத்தியது அவர்களுக்கும் நினைவிருக்கும்.

சீட்டு எழுதிய பள்ளிப் பிள்ளைகளை எப்படி மறப்பது? தமிழில் ஒரு வரி, தெலுங்கில் ஒரு வரி. நகரி மலைக் கல் ஒன்றின் பழைய சீட்டில் 'வட ஆற்காடு ஜில்லா' என்று இருந்ததைப் பார்த்து ஒரு பெண் ரப்பரை எடுத்தாள். பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். 1911இல் சித்தூர் ஜில்லா வந்தது, 1953இல் ஆந்திரம் பிரிந்தது, 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாம் இந்தப் பக்கம் நின்றோம். "கல்லு இருந்த இடத்துலயேதான் இருக்கு, ஜில்லாதான் நடக்குது" என்பார் மேடம். பழைய சீட்டை அழிக்கக் கூடாது, அதன் கீழே புதியதை வைக்க வேண்டும். அப்படியே வைத்தோம்.

திருமலைக்குப் போகும் பஸ்ஸில் எல்லோரும் கோவிந்தா போடும்போது மேடம் மட்டும் மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டே வருவார். அடியில் பழைய கிரானைட், அதன்மேல் நேராகக் குவார்ட்சைட், அதாவது மணல் இறுகிக் கெட்டியான பாறை. நடுவில் இருக்க வேண்டிய காலத்துப் பாறை இல்லை. ஒரு உள்ளங்கைமேல் இன்னொன்றைப் படுக்க வைத்து, "இந்த இடுக்குல சுமார் எண்பது கோடி வருஷத்துக் கணக்கு காணோம்" என்பார். பக்கத்து சீட்டுக்காரர்கள் பணக் கணக்கு என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். நோட்டில் 212ஆம் எண் இருந்தது, பெட்டியில் அந்தக் கல் இல்லை. இரண்டு நாள் தேடினோம். அப்புறம் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தார்: "குவார்ட்சைட், அலைத்தடம் உள்ளது. புத்தூர், மாணவன் வீட்டுத் துவைக்கும் கல். எடுக்கவில்லை. பயன்பாட்டில் உள்ளது."

எங்கள் வீட்டுக் கல்! மேடம் முதல்முறை வந்தபோது அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, டார்ச்சைச் சாய்த்து அடித்து, வரிவரியாக எழுந்த மேடுகளை அம்மாவுக்குக் காட்டினார். இரண்டு பக்கமும் சரிவு ஒரே மாதிரி இருந்தால் அலை வந்து வந்து போன இடம், ஒரு பக்கம் மட்டும் செங்குத்தாக இருந்தால் தண்ணீர் ஒரே திசையில் ஓடிய இடம். இது அலை. மீனே பிறக்காத காலத்துத் தண்ணீர். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதான் அழுக்கு நல்லாப் போகுது" என்றார்.

எனாமல் டப்பாவோடு நேற்று அம்மாவிடம் போய் நின்றேன். எண் எழுதச் சம்மதித்துவிட்டார். பக்கவாட்டில் எழுத வேண்டுமாம், துணி படுகிற இடத்தில் கூடாதாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
கல்லு மேடத்தின் மாணவன்,
புத்தூர்.