பேத்தி கல்யாணம் வரை வேண்டாம்

அன்புள்ள சுடலைமுத்து,

உன் கடிதம் ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. இந்த வருஷம் வடம் பிடிக்கப் போகவில்லை. முட்டிவலி. ரத வீதியில் தெரிந்த கடைவாசலில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி.

மகன் காலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த 2005-ஆம் வருஷத்து ஒயினைப் பேத்தி கல்யாணம் வரை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அவளுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. வேண்டாம்லே, குடித்துவிடு.

துபாய் ஹோட்டலில் ஒயின் அறையைப் பார்த்துக்கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன போர்தோ பகுதியில் பெரும்பாலும் ஒரே திராட்சையில் நிறுத்த மாட்டார்கள். கேபர்னே சொவினியோன், மெர்லோ, கேபர்னே ஃப்ராங்க் என்று கலப்பார்கள். அதே கலவையை வேறு நாட்டில் செய்தால் போர்தோ பாணி. உன் பாட்டிலும் அந்த வகைதான், போலி என்று நினைத்துவிடாதே. 1976-ல் பாரிசில் லேபிளை மறைத்துக் கொடுத்தபோது, பிரெஞ்சு நடுவர்களே காலிஃபோர்னியாவின் 1973-ஆம் வருஷத்து ஸ்டாக்ஸ் லீப் ஒயினுக்கு முதலிடம் கொடுத்தார்கள். போர்தோவின் பேர்பெற்ற மூத்தோன் ரோத்ஷில்ட் ஒயினே அதற்குப் பின்னால்தான்.

இந்த வகை இளசாக இருக்கையில் நாவற்பழம் தின்ற மாதிரி நாக்கைப் பிடிக்கும். அது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின் என்ற துவர்ப்புப் பொருள் செய்கிற வேலை. வருஷம் போகப்போக டானினும் நிறமும் ஒன்றுசேர்ந்து வண்டலாக அடியில் இறங்கும். துவர்ப்பு அடங்கும், ஊதா நிறம் செங்கல் நிறமாகும். ஆனால் இதெல்லாம் 12, 13 டிகிரியில், இருட்டில், கார்க் காயாதபடி படுக்க வைத்திருந்தால்தான். நீ வைத்திருப்பது அம்பாசமுத்திரத்தில், மச்சு வீட்டு இரும்பு பீரோவில்! அக்கினி நட்சத்திரத்தில் உள்ளே இருப்பது விரிந்து கார்க்கைத் தள்ளும், காற்று புகும், ஒயின் வெந்துபோகும். சேகரிப்பவர்கள் வருஷத்தைப் பார்த்த கையோடு பாட்டில் இத்தனை நாள் எங்கே கிடந்தது என்றுதான் கேட்பார்கள். கழுத்தில் ஒயின் மட்டம் இறங்கியிருந்தாலே விலை விழும். அதனால் விற்கிற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடு.

குற்றாலத்தில் சாரல் இருக்கும்போதே வைத்துக்கொள்வோம். அதுவரை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கிடக்கட்டும். முந்தின நாள் நிமிர்த்தி வை, வண்டல் அடியில் தங்கட்டும். ஊற்றும்போது குலுக்காமல் மெதுவாக ஒரு கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, கலங்கல் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஐஸ் போட்டால் உன்னோடு பேச மாட்டேன். மதினியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு: பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடுகிற ஒயின் மாதிரி இது இனிக்காது. ஆட்டுக்கறி வறுவல் மட்டும் அவர்கள் கையால் வேண்டும்.

அப்புறம், கார்க்கை நீயாகத் திருகி எடுக்காதே. இத்தனை வருஷத்துக் கார்க் பொடிந்து உள்ளே விழும். இரண்டு பக்கமும் தகடு சொருகி இழுக்கிற திறப்பான் என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன். எந்தச் சனிக்கிழமை தோது என்று எழுது.

அன்புடன்,
ஆறுமுகம்