லாட் எண்ணும் கூட்டுக் கீயும்

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா நலம். தம்பிக்கு ஆவணியில் திருமணம். இணைச்சீர் செய்ய அக்கா கோபியிலிருந்து முதல் நாளே வந்துவிடுவாள். நீயும் குடும்பத்தோடு வந்துவிடு, சாக்குச் சொல்லாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். பல கணினிகளின் நினைவகத்தில் தரவைப் பகிர்ந்து வைக்கும் ஹேசல்காஸ்ட்டில், ஆர்டர் எண், நிறம், சைஸ் மூன்றும் சேர்ந்த கீயில் (பதிவைத் தேடி எடுக்கும் அடையாளத்தில்) டையிங் லாட் எண்ணையும் (ஒரே தடவையில் சாயமிட்ட தொகுதியின் எண்) சேர்த்த பிறகு பழைய பதிவுகள் கிடைக்கவில்லை. இரண்டு கீயும் சமமா என்று சொல்லும் ஈக்குவல்ஸ் மெத்தடில் பழைய மூன்றை மட்டும் ஒப்பிட்டும் பயனில்லை என்கிறாய். ஹேசல்காஸ்ட் வழக்கமான அமைப்பில் ஈக்குவல்ஸைக் கேட்பதே இல்லை. கீயைச் சீரியலைஸ் செய்தால், அதாவது சேமிக்கும் வடிவத்துக்கு மாற்றினால், வரும் பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது. ஒரு பைட் மாறினாலும் அது வேறு கீ. தரவு பிரித்து வைக்கப்படும் 271 பார்ட்டிஷன்களில் பெரும்பாலும் வேறொன்றில் தேடப் போய்விடும். ஹேசல்காஸ்ட்டின் காம்பாக்ட் என்ற சீரியலைசேஷன் முறைக்கு மாறினாலும் இது தீராது. ஃபீல்டு கூடினால் ஸ்கீமாவின் (என்னென்ன ஃபீல்டுகள் என்ற விவரத்தின்) அடையாள எண் மாறும். அந்த எண்ணும் பைட்டுகளோடுதான் இருக்கிறது.

லாட் எண் வெறும் தகவல் என்றால் கீயில் வேண்டாம், கீயோடு சேமிக்கும் மதிப்புப் பக்கம் வைத்துவிடு. அங்கே காம்பாக்ட் ஃபீல்டு கூடுவதையும் குறைவதையும் தாங்கும். ஆனால் திருப்பூரில் அது வெறும் தகவலா? ஒரே நிறம் இரண்டு லாட்டில் வந்தால் ஷேடு மாறும், ஒரே பெட்டியில் கலக்கக் கூடாது என்பது செக்கிங் மேஜையில் நிற்கும் எவருக்கும் தெரியும். லாட் வாரியாக இருப்புப் பார்க்க வேண்டுமென்றால் அதன் இடம் கீதான். அப்போது புதிய கீயோடு புதிய மேப் (கீ-மதிப்புச் சேமிப்பு) ஒன்றைத் தொடங்கிப் பழையதை அதற்கு மாற்று. பழைய மேப்பிலேயே ஒட்டுப்போடுவதை நான் ஒப்ப மாட்டேன்.

கீயின் ஒரு பகுதியை வைத்துத் தேட, ஃபீல்டின் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, 'கீ', ஒரு புள்ளி என்று எழுது. அதே பெயரில் இண்டெக்ஸும் போடு. இல்லையென்றால் ஒவ்வொரு பதிவையும் திறந்து பார்க்கும்.

உன் தேடல் பெரும்பாலும் ஆர்டர் எண்ணில்தானே? எதை வைத்துப் பார்ட்டிஷனைத் தேர்வது என்று கீயே சொல்ல உதவும் பார்ட்டிஷன்அவேர் இண்டர்ஃபேஸ் வழியாக ஆர்டர் எண்ணைத் திருப்பித் தந்தால் ஒரு ஆர்டரின் எல்லாப் பதிவுகளும் ஒரே பார்ட்டிஷனில் சேரும், அதை மட்டும் கேட்டால் போதும். மிகப் பெரிய ஆர்டர் வந்தால் அந்த ஒரு பார்ட்டிஷனே சுமக்கும் என்பதையும் யோசித்துக்கொள்.

கீயின் கிளாஸை எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
குமார்