ரத்தம் சுத்தம், ஆகவே நடிப்பு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், "ரத்தத்தில் அழற்சி இல்லாதவர்களுக்கு வருவது மனச்சோர்வே அல்ல, வெறும் மனச்சலிப்பு" என்று ஒரு வரி வந்தது. எழுதியவருக்கு அது ஒரு வரி. எங்கள் வீட்டில் மூன்று நாள் சண்டை. என் நாத்தனார் அதைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தார். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடும் என் மகளின் சி.ஆர்.பி. (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) 0.8 என்று அவருக்குத் தெரியும் (நான்தான் உளறிவிட்டேன்). "பாரு, ரத்தம் சுத்தமா இருக்கு. அப்புறம் என்ன நோய்?" என்று கேட்டார். மகள் தட்டோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எனக்கு முடக்குவாதம். போன மாதம் என் சி.ஆர்.பி. 18. உங்கள் கணக்குப்படி நான்தான் போர்வைக்குள் அழுதுகொண்டு கிடக்க வேண்டும். நானோ காலையில் எழுந்து ரொட்டி சுட்டுவிட்டு, உங்கள் பத்திரிகையில் எழுத்துப்பிழை எண்ணிக்கொண்டிருக்கிறேன். சி.ஆர்.பி. கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். காய்ச்சல், ஈறு வீக்கம், உடல் பருமன் என்று எதற்கும் அது கூடும். எச்.ஐ.வி. உள்ளவர்களில் காசநோய் யாருக்கு இருக்கக்கூடும் என்று சலித்துப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததும் இதே சோதனையைத்தான். அந்த இரண்டு நோயும் மலிந்த தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பத்திரிகை நடத்தும் தாங்கள் அறியாததா?

மகளின் டாக்டர் பொறுமையாகச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் சி.ஆர்.பி. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டுகிறது. மீதி மூன்று பேரும் நடிக்கிறார்களா? 2013இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாத 60 பேரில் ஒரு பாதிக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மூட்டுவாத மருந்தையும், மறு பாதிக்கு வெறும் மருந்தில்லாத நீரையும் ஏற்றிப் பார்த்தார்கள். மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. சி.ஆர்.பி. 5க்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. 2014இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், சி.ஆர்.பி. 1க்குக் கீழே இருந்தவர்களுக்கு எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையும், மேலே இருந்தவர்களுக்கு நார்டிரிப்டிலின் என்ற இன்னொரு மாத்திரையும் கூடுதலாகக் கைகொடுத்தன. ஆக அந்த எண், எந்த மருந்து பொருந்தலாம் என்பதற்கு ஒரு துப்பு. அதுவும் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. நோயாளி பொய் சொல்கிறாளா என்று பார்க்கும் கருவி என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, உங்கள் கட்டுரையாளரைத் தவிர. 0.8 உள்ள என் மகள் எஸ்சிடாலோபிராமில்தான் இருக்கிறாள். இரண்டு மாதமாகத் தானே தலை வாரிக்கொள்கிறாள். இதை யாரிடம் சொல்லிக் காட்டுவது?

நம் மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) சட்டமும் இதே புத்திதான். காப்பீடு கட்டாயம் செலவை ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் பைபோலார் (இருதுருவ மனநோய்) உண்டு, மனச்சோர்வு கிடையாது. அதைப் பற்றித் தாங்கள் நாலு வரி எழுதியிருக்கலாம். காவடி எடுத்தால் மனநோய் ஓடிவிடும் என்று முன்பு ஒரு பக்கம் முழுக்க எழுத இடம் இருந்ததே! அதை மறுத்து நான் அனுப்பிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, நான் சொல்லாத ஒன்றைச் சொன்னதுபோல் போட்டீர்கள். போகட்டும். தமிழ் வகுப்புகளுக்குப் பிள்ளைகள் வருவதில்லை என்று எழுதியதற்கு மட்டும் பதிலே இல்லை. முப்பது வருடம் பாடம் நடத்திய எனக்கு அது பழகிவிட்டது.

கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அந்த வரி தவறு என்று இரண்டு வரி போடுங்கள். கத்தரித்து எடுக்க வசதியாகச் சுற்றிக் கட்டம் போட்டால் நல்லது. நாத்தனார் அடுத்த மாதமும் வருவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சாட்ஸ்வொர்த்