ராணியின் முகச்சுருக்கத்தை அழித்தது யார்?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் ஓவியங்கள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்களும் பளிச்சென்று அச்சாகியிருந்தன. ஆனால் கிழவியான பிறகும் குமரியாகத் தெரிய ஆசைப்பட்ட ஒரு பெண்ணின் கதை என்கிற மாதிரி கட்டுரை முடிந்ததைப் பார்த்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அது அழகு ஆசை இல்லை சார். அரசியல்.

நான் கும்பகோணத்தில் 30 வருடம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன். கறுப்பு வெள்ளைக் காலத்தில் நெகட்டிவைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் நெற்றிக் கோடு, கருவளையம், அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக மூடுவோம், டச்சிங் என்று பெயர். அதனால் ஒரு முகத்துக்கு வயதைக் குறைப்பது என்ன வேலை, அதற்கு யார் பணம் கொடுப்பார்கள், யார் பார்த்து 'சரி' சொல்வார்கள் என்பதெல்லாம் கொஞ்சம் தெரியும்.

கட்டுரையில் விட்டுப்போன ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எலிசபெத் 1558-இல் பட்டத்துக்கு வரும்போது வயது 25. நான்கு வருடம் கழித்து, 1562 அக்டோபரில், பெரியம்மை வந்து சாகக் கிடந்தார். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை, அடுத்து யார் என்று யாருக்கும் தெரியாது, அரண்மனையே ஆடிப்போனது. பிழைத்து எழுந்ததும் 1563-இல் நாடாளுமன்றம் 'கல்யாணம் செய்துகொள்ளுங்கள், வாரிசைச் சொல்லுங்கள்' என்று நெருக்கியது. அதே 1563-இல்தான் ராணியின் உருவத்தைக் கண்டபடி வரைவதைத் தடுக்க ஓர் அறிவிப்பின் வரைவு தயாரானது. ராணி அனுமதிக்கும் ஒரு கைதேர்ந்தவர் முதலில் ஒரு படத்தை வரைவார், மற்ற ஓவியர்கள் அதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும், அதுவரை எல்லோரும் தூரிகையைக் கீழே வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். (உங்கள் கட்டுரையில் இதைச் சட்டம் என்றே போட்டிருந்தீர்கள். நமக்குக் கிடைத்திருப்பது வரைவுதான்.) அம்மையும் வாரிசுக் கேள்வியும் முகத்தைப் பற்றிய கவலையும் அடுத்தடுத்து வந்தது தற்செயலாகக்கூட இருக்கலாம், ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்புறம், வெளிச்சம். கட்டுரை இதைத் தொடவே இல்லை, எனக்கு ரொம்பப் பிடித்ததே இதுதான். 1570-களில் நிக்கலஸ் ஹில்லியார்ட் என்ற நுண்ணோவியர் (உள்ளங்கை அளவுப் படம் வரைபவர்) ராணியை உட்காரவைத்து வரைந்தார். அந்த அனுபவத்தை அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். மரமோ நிழலோ பக்கத்தில் இல்லாத, திறந்த தோட்டத்து நடைபாதையை ராணியே தேர்ந்தெடுத்து உட்கார்ந்தாராம். ஸ்டூடியோக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பக்கவாட்டில் லைட் வைத்தால் ஒவ்வொரு பள்ளமும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் விழுந்தால் முகம் வழவழவென்று வந்துவிடும், டச்சிங் பாதி மிச்சம். அந்த அம்மாளுக்கு லைட்டிங் தெரிந்திருந்தது!

1575 வாக்கில் வரைந்த, டார்ன்லி ஓவியம் என்று சொல்லும் படம் இன்று லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. அதில் உள்ள முகம்தான் அச்சு. அந்த ஒரே முகக்கோட்டை எடுத்து அடுத்த பல ஆண்டுகளுக்கு உடையை மாற்றி, நகையை மாற்றி, கையில் சல்லடையோ பூவோ கொடுத்து வரைந்துகொண்டே இருந்தார்கள். ராணி ஒவ்வொருவருக்கும் போய் உட்கார்ந்துகொண்டிருக்க முடியுமா? ஒரு சங்கதி, அந்தப் படத்தில் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருப்பதைப் பார்த்து அவர் அப்படித்தான் இருந்தார் என்று எல்லோரும் நம்புகிறோம், உங்கள் கட்டுரையும் நம்பியிருக்கிறது. ஆய்வு செய்து பார்த்ததில் கன்னத்தில் பூசிய சிவப்புச் சாயம் காலப்போக்கில் மங்கிப்போனது தெரிந்தது. இன்று பழுப்பாகத் தெரியும் உடையும் ஒரு காலத்தில் நல்ல சிவப்பு. நம் வீட்டுச் சுவரில் 40 வருடமாகத் தொங்கும் கலர் போட்டோவின் கதிதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த ஓவியங்களில் பெரும்பாலானவற்றுக்கு ராணி காசு கொடுக்கவே இல்லை. பிரபுக்களும் அரசவையில் இருந்தவர்களும் தங்கள் விசுவாசத்தைக் காட்ட, தங்கள் செலவில், தங்கள் வீட்டுச் சுவருக்காக வரையச் சொன்னவை. ராணிக்குச் செலவே இல்லாத வேலை இது: படம் அவர்களுடையது, பணம் அவர்களுடையது, முகம் மட்டும் ராணியின் அனுமதியில். என் ஸ்டூடியோவில் நேர் எதிர். அறுபதாம் கல்யாணப் படத்துக்கு மகன் பணம் கட்டுவார், 'அம்மாவைக் கொஞ்சம் இளசாகக் காட்டுங்கள்' என்பார், படத்தை வாங்கிப் பார்க்கும் அந்த அம்மாள் 'இது யாரு, என் தங்கச்சியா?' என்று கேட்பார். அவருக்குச் சுருக்கம் ஒரு பொருட்டே இல்லை. எலிசபெத்துக்கு ஏன் பொருட்டானது என்றால், அந்தச் சுருக்கத்தைப் பார்க்கிற ஒவ்வொருவன் மனதிலும் 'அடுத்தது யார்?' என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்ட பீட்டர் வென்ட்வொர்த் என்ற நாடாளுமன்ற உறுப்பினரை 1593-இல் லண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள், அவர் அங்கேயே செத்தும் போனார். வாயைத் திறந்தால் சிறை என்றால், அதே கேள்வியைப் படமாக வரைந்தால் விடுவார்களா?

விடவில்லை. 1590-களின் தொடக்கத்தில் ஐசக் ஆலிவர் ஒரு நுண்ணோவியத்தில் ராணியை உள்ளபடி வரைந்தார், ஒடுங்கிய கன்னம், கூரான மூக்கு. பாதியில் நிற்கும் அந்தப் படம் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசவைக்காரரான சர் ஹென்றி லீ, மார்க்கஸ் கீரார்ட்ஸ் என்ற ஓவியரை வைத்து வரையச் சொன்ன டிச்லி ஓவியத்தைப் பாருங்கள், இங்கிலாந்து வரைபடத்தின் மேல் ராணி ஏறி நிற்கிற பிரம்மாண்டமான படம், அதில் முகத்தில் வயது தெரிகிறது. ஆனால் அதைப் பார்த்து எடுத்த பிரதிகளில் முகம் இளகி வழவழப்பாகிவிட்டது. 1596-இல் ராணிக்கு மனவருத்தம் தரும் படங்களைத் தேடி அழிக்கச் சொல்லி அரச ஆலோசனை மன்றமே உத்தரவு போட்டது. மட்டமான படங்களை ராணி உடைத்து நெருப்பில் போடச் சொன்னதாக அவருடைய அரசவையில் இருந்த வால்டர் ராலேயும் எழுதியிருக்கிறார்.

இதில் யாரும் ஏமாறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1597-இல் பிரெஞ்சுத் தூதர் தெ மேஸ் நேரில் பார்த்து, பற்கள் மஞ்சளாகவும் வரிசை தப்பியும் இருக்கின்றன, இடப்பக்கம் பல விழுந்துவிட்டன, வேகமாகப் பேசினால் புரியவில்லை என்று குறித்து வைத்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கு உண்மை தெரியும். படம் தூரத்தில் இருந்தவர்களுக்கு.

நீங்கள் அட்டையில் போட்ட வானவில் ஓவியம் 1600-1602 வாக்கில் வரைந்தது, எழுபதை நெருங்கியவருக்கு இருபது வயது முகம், அங்கியெங்கும் கண்களும் காதுகளும். ஏறக்குறைய அதே சமயம், 1600 டிசம்பர் 31 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்ததும் இதே ராணிதான், அந்தக் கம்பெனி பின்னால் சென்னையில் வந்து கோட்டை கட்டியது நமக்குத் தெரியும். படத்தில் 'சூரியன் இன்றி வானவில் இல்லை' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது, ராணிதான் சூரியன் என்று அர்த்தம். ஆனால் அவர் கையில் பிடித்திருக்கும் வானவில்லில் இன்று நிறமே தெரிவதில்லை. உங்கள் அச்சகத்தின் தப்பு என்று முதலில் நினைத்துவிட்டேன், மன்னிக்கவும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் இடம் இருந்தால் ஆலிவரின் அந்தப் பாதிப் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான் அசல். அதன் மேல் யாரும் டச்சிங் செய்யவில்லை.

இப்படிக்கு,
பழைய ஸ்டூடியோக்காரன்,
கும்பகோணம்