தண்ணியில்லாக் காடு இரண்டு

மண்டபம்,
ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். தடைக்காலம் முடிந்து விசைப்படகெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. ஐஸ் உடைக்கிற மெஷின் விடியுமுன்னே கத்த ஆரம்பித்துவிடுகிறது. ஐஸ் என்றால் எனக்கு அதுதான், சாக்கு போட்டு மூடியும் வழியெல்லாம் ஒழுகிக்கொண்டு வருகிற கட்டி. நீயோ, நீ போயிருக்கிற அண்டார்டிகாவில் ஐஸின் சராசரி கனமே இரண்டு கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறாய். இந்தியாவைப் போல நாலு மடங்கு நிலத்தை அது மூடிக் கிடக்கிறதாம். என் புத்தி அதற்கு எட்டவில்லை.

ஒன்று மட்டும் பிடிபட்டது. உலகத்து நல்ல தண்ணியில் பாதிக்கு மேல் அங்கேதான் கட்டியாகக் கிடக்கிறது. ஆனாலும் அந்தக் கண்டத்தின் உள்பகுதியில் வருஷம் முழுக்க விழுகிற பனியை உருக்கினால் 50 மில்லிமீட்டர்கூடத் தேறாது. நம் மாவட்டத்தில் 800 மில்லிமீட்டர் வாக்கில் பெய்கிறது, அதற்கே நம்மைத் தண்ணியில்லாக் காடு என்கிறார்கள்! விழுவது கொஞ்சம்தான், உருகாமல் லட்சக்கணக்கான வருஷமாகச் சேர்ந்தது என்றாய். உன் அம்மாவின் சிறுவாடு மாதிரிதான்.

நீ இருக்கிற மைத்ரி ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்து பிரியதர்ஷினி ஏரியிலிருந்துதான் குடிதண்ணி என்றதும் அவளுக்கு நிம்மதி. "எம்புள்ள ஊருணிக் கரையிலதான் இருக்கான்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். மேலே ஐஸ் மூடினாலும் அடியில் தண்ணி உறையாது, சரி. மேலே ஏற்றுகிற குழாய் உறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? அதை எழுது.

கடல் உறையும்போது உப்பு வெளியே போய்விடும் என்றதை வாலிநோக்கத்து உப்பளத்தில் இருந்த மாமாவிடம் சொன்னேன். இங்கே வெயில் தண்ணியைக் குடித்துவிட்டு உப்பை விட்டுப்போகும். அங்கே குளிர் தண்ணியைப் பிடித்துக்கொண்டு உப்பைத் தள்ளுகிறது. "அப்ப கீழ உள்ள தண்ணி இன்னும் கரிக்கணுமே?" என்றார் மாமா. பள்ளிக்கூடம் போகாத மனுஷன், சரியாகப் பிடித்துவிட்டார். அந்தக் கரிப்புத் தண்ணி கனத்து ஆழத்துக்கு இறங்கி, இந்துமகா சமுத்திரத்தின் அடியோடு வடக்கே நகரும் என்று நீ சொன்னதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே கச்சான் காற்று போடு போடென்று போடுகிறது. வாசலில் ஒன்பது குடம் வரிசையில் நிற்கிறது. ஒன்றில் விரிசல், அம்மா கரண்டியைச் சுட்டுத் தேய்த்து அடைத்திருக்கிறாள். தண்ணி லாரி வந்து ஆறு நாளாச்சு.

ஜூலை கடைசியில்தானே அங்கே சூரியன் தலைகாட்டும்? கண்டதும் ஒரு போட்டோ அனுப்பு. தெருமுனையில் ஹாரன் கேட்கிறது, லாரிதான். குடத்தைத் தூக்கணும்.

அப்பா